மருந்தில்லாத வெடி
வெடிமருந்தின் கதை – 19

தீபாவளிப் பட்டாசுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு போர்க்களமே மடங்கிக் கிடக்கும். சணல் சுற்றிய அணுகுண்டு, குச்சி வைத்த ராக்கெட், போதாக்குறைக்கு லேபிளில் பீரங்கியோ போர் விமானமோ. சிவகாசி லேபிள் ஓவியர்கள் புலி, மயில், சினிமா முகம் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. வெடிக்குப் போரின் பெயரை வைப்பதில் நமக்குக் கூச்சமும் இருந்ததில்லை.

போன வாரம் இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றுபோய், 1922ல் கல்கத்தாவுக்குத் தீப்பெட்டித் தொழில் பழகப் போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் போட்ட அஸ்திவாரத்தின் மேல் பட்டாசுத் தொழில் எழுந்ததைப் பார்த்தோம். இந்த வாரம் ஒரு கிராம் மருந்துகூட எரியப் போவதில்லை. ஆனாலும் குண்டுகள் லட்சக்கணக்கில் வெடிக்கும், கப்பல்கள் மூழ்கும், செத்தவர்கள் மறுபடி எழுந்து நிற்பார்கள். எல்லாம் கணக்கில். இன்று ராணுவங்கள் கணினியில் நடத்திப் பார்க்கும் பாவனைப் போர்களின் கதை இது. வெடிமருந்து வரலாற்றில் இதற்கென்ன வேலை என்று கேட்பவர்கள் ஒரு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரஷ்யாவில் ஆரம்பிக்கலாம். 1812ல் ஜார்ஜ் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் என்பவர் மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்முக்கு ஒரு மேசை செய்துகொடுத்தார். இழுப்பறைகள் வைத்த பெரிய மேசை. காடு, ஆறு, மேடு என்று வடித்த சதுரத் துண்டுகளை மேலே அடுக்கி, அதில் படைகளை நகர்த்தலாம். அரண்மனைக்கு ஏற்ற பொருள், பாசறைக்கு ஆகாது. அவருடைய மகன் பீரங்கிப் படை அதிகாரி. அவர் மேசையை ஓரங்கட்டிவிட்டு, 1:8000 அளவில் வரைந்த வரைபடத்தைக் கொண்டுவந்தார். படைகளுக்குச் சிவப்பும் நீலமுமாய்ச் சின்ன ஈயக் கட்டைகள். ஒரு சுற்று ஆட்டம் என்பது இரண்டு நிமிடப் போர். நடுவில் ஒரு நடுவர். எதிரியின் கட்டை உங்கள் ஆட்களின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்தால்தான் நடுவர் அதை வரைபடத்தில் வைப்பார். அதுவரை எதிரி எங்கே என்று தெரியாமல்தான் நீங்கள் உத்தரவு எழுத வேண்டும். 1824ல் வெளிவந்த அந்த விதிப் புத்தகம்தான் இன்றைய போர் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் முப்பாட்டன்.

அதில் பகடையும் உண்டு. நம் அச்சகங்களில் அச்சாகி ஊர் ஊராய்ப் போகும் பரமபத அட்டையில் பகடை வெறும் அதிர்ஷ்டம். ஆறு விழுந்தால் ஏணி, மூன்று விழுந்தால் பாம்பு. ரைஸ்விட்ஸின் பகடை அப்படியில்லை. ஷார்ன்ஹார்ஸ்ட் என்ற பிரஷ்யத் தளபதி அதற்கு முன்பே ஒரு வேலை செய்து வைத்திருந்தார். இலக்கை நிறுத்தி, தூரத்தைக் கூட்டிக் கூட்டித் துப்பாக்கியால் சுடவைத்து, எத்தனை ரவை பட்டது, எத்தனை வீணானது என்று எண்ணி அச்சிட்டிருந்தார். மகன் ரைஸ்விட்ஸ் அந்த எண்ணிக்கைகளைப் பகடையின் முகங்களில் ஏற்றினார். பகடை உருண்டால் விழுவது அதிர்ஷ்டமல்ல, எங்கோ ஒரு மைதானத்தில் உண்மையாக எரிந்த கருமருந்தின் கணக்கு. இந்தத் தொடரில் இந்த அத்தியாயம் இடம்பெறுவதற்குக் காரணம் அதுதான். பாவனைப் போரின் வயிற்றுக்குள் நிஜ மருந்து இருக்கிறது.

மகன் ரைஸ்விட்ஸ் 1827ல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்து, 1876ல், வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி பட்டியலும் வேண்டாம் பகடையும் வேண்டாம், அனுபவப்பட்ட நடுவர் சொல்வதே முடிவு என்று கிளம்பினார். எண்ணை நம்புவதா, ஆளை நம்புவதா? அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

எண்ணை நம்பியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர். இங்கிலாந்தில் கார் செய்தவர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1916ல், விமானப் போரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு பக்கம் 10 பேர், எதிரே 6 பேர், எல்லோரும் ஒரே திறமைக்காரர்கள், எல்லோரும் எல்லோரையும் குறிபார்க்க முடியும். சண்டை முடிந்து 6 பேரும் விழுந்துவிட்டால் இந்தப் பக்கம் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? பத்தில் ஆறு போனால் நான்கு என்போம். லாஞ்செஸ்டர் 8 என்றார். தலைகளைக் கழிக்கக் கூடாது, வர்க்கங்களைக் கழிக்க வேண்டும். 100ல் 36 போக 64, அதன் வர்க்கமூலம் 8. கூட்டம் பெரிதாக இருக்கும் பக்கம் எதிரியைச் சீக்கிரம் குறைக்கிறது, குறைந்த எதிரி குறைவாகவே திருப்பிச் சுடுகிறான், அதனால் சேதமும் குறைகிறது. அதே பத்துப் பேர் ஐந்தைந்தாகப் பிரிந்து, ஒரு கூட்டம் முடிந்தபின் மறு கூட்டம் என்று போனால் கடைசியில் நாலு பேர்கூட மிஞ்சமாட்டார்கள். கால்குலேட்டரைத் தட்டி நீங்களே பார்க்கலாம். ரஷ்யாவில் ஒசிபோவ் என்பவர் 1915லேயே இதே வழியில் எழுதியிருந்தார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது.

இனி வருவது நம் ஊர்க்காரர்களுக்கு ருசிக்கும் கதை. 1941. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தன. விமானத்திலிருந்து போடும் ஆழ்குண்டுகள் தண்ணீரில் விழுந்து 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தன. நீர்மூழ்கிகள் சிக்கவில்லை. குண்டில் இன்னும் மருந்தை ஏற்று என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நம் ஊரிலும் சத்தம் போதவில்லை என்றால் அதைத்தான் சொல்வார்கள். இ. ஜே. வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் மருந்தைத் தொடவில்லை. தாக்குதல் அறிக்கைகளை எடுத்துவைத்து எண்ணினார். விமானத்தைக் கண்டதும் ஆழத்துக்குப் போய்விட்ட நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அதன் மேல் குண்டு போட்டு லாபமில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிகிற நீர்மூழ்கி, இப்போதுதான் முங்க ஆரம்பித்து நீர்மட்டத்துக்கு அருகில் இருக்கும். 100 அடியில் வெடிக்கும் குண்டு அதற்குக் கீழே எங்கோ வீணாகிறது. ஆழத்தை 25 அடிக்குக் கொண்டுவா என்றார். படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். மூழ்கிய நீர்மூழ்கிகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. பிடிபட்ட ஜெர்மன் மாலுமிகள், பிரிட்டிஷார் ஏதோ புது ரக, பலத்த மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தார்களாம். மருந்து அதேதான்.

வில்லியம்ஸ் போன்ற இந்தக் கணக்குப்பிள்ளைகளின் தலைவர்களில் ஒருவர் பி. எம். எஸ். பிளாக்கெட். 1948ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். 1947 ஜனவரியில் டெல்லியில் நடந்த அறிவியல் மாநாட்டுக்கு வந்தவரை நேரு பிடித்துக்கொண்டார். சுதந்திர இந்தியாவின் ராணுவத்துக்கு அறிவியல் எப்படி உதவலாம் என்று கேட்டார். பிளாக்கெட் ஆலோசனை சொல்ல, 1948ல் டி. எஸ். கோத்தாரி பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகரானார். அந்தக் கொடியில் படர்ந்ததுதான் 1958ல் பிறந்த பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டிஆர்டிஓ. டெல்லி மெட்காஃப் ஹவுஸ் வளாகத்தில் அதற்கு ஐஎஸ்எஸ்ஏ என்றொரு ஆய்வகம் இருக்கிறது. முப்படைகளுக்கும் போர்ப் பயிற்சி மென்பொருள் எழுதுவதும், ஒரு ஆயுதத்தை வாங்குமுன் அது களத்தில் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதும் அதன் வேலை. ஏவுகணை செய்யும் ஆய்வகத்தின் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த ஆய்வகத்தின் பெயர் அதிகம் பேருக்குத் தெரியாது. கணக்குப் போடுகிறவர்களுக்கு எப்போதுமே அந்தக் கதிதான்.

மென்பொருளுக்குள் குண்டு எப்படி வெடிக்கிறது? அதைப் புரிந்துகொள்ளச் சிவகாசிக்காரர்கள் டெல்லிக்குப் போகத் தேவையில்லை. வெம்பக்கோட்டை சாலையில் போனால் போதும். பட்டாசு ஆலை என்றால் பெரிய கட்டடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இங்கே இருப்பவை சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கொன்று நடுவே வெறும் பொட்டல். அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. மருந்து கலக்கும் அறை தனியாக, தள்ளி இருக்கும். நிலம் இப்படி வீணாகக் கிடக்கிறதே என்று வெளியூர்க்காரர் கேட்பார். அந்த வீண் நிலம்தான் ஆலையின் முக்கியமான இயந்திரம்.

எவ்வளவு பொட்டல் வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ராம் ஹாப்கின்சன் முதல் உலகப்போர்க் காலத்தில், 1915ல், கண்டது. ஜெர்மனியில் கிரான்ஸ் தனியாகக் கண்டதும் அதேதான். 1 கிலோ மருந்து 10 அடி தூரத்தில் செய்யும் சேதத்தை 20 அடி தூரத்தில் செய்ய 2 கிலோ போதாது, 8 கிலோ வேண்டும். 30 அடிக்கு 27 கிலோ. தூரம் மருந்தின் கனமூலத்தோடு நகர்கிறது. திருப்பிச் சொன்னால், மருந்தை எட்டு மடங்கு குவித்துவிட்டு இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் ஆபத்து பழைய அளவிலேயே நிற்கும். உலகம் முழுவதும் வெடிபொருள் கிடங்குகளுக்கான பாதுகாப்புத் தூர அட்டவணைகளுக்கு அடியில் கிடக்கும் விதி இது. போர் மென்பொருளில் ஒரு பீரங்கிக் குண்டு விழுந்தால், சுற்றி நிற்பவர்களில் யார் பிழைப்பார், யார் விழுவார் என்று முடிவு செய்யும் இடத்திலும் இதே கனமூலம்தான் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் எத்தனை பேர் விழ வேண்டும் என்று பார்க்கிறார்கள். நாம் ஒருவரும் விழக் கூடாது என்று பார்க்கிறோம். சூத்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கணினி எப்போது உள்ளே வந்தது? முதல் நாளே வந்துவிட்டது. அமெரிக்காவின் எனியாக் கணினி கட்டப்பட்டதே பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே விழும் என்ற அட்டவணை போடத்தான். கட்டி முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. 1946ல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்வாஃப் உலாம் பொழுது போகச் சீட்டாடிக்கொண்டிருந்தார், தனியாளாக ஆடும் பேஷன்ஸ். ஆட்டம் வெற்றியில் முடிய எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், சிக்கலாகிக்கொண்டே போனது. கணக்கை விட்டுவிட்டு நூறு ஆட்டம் ஆடி, எத்தனை தடவை ஜெயித்தோம் என்று எண்ணிவிட்டால் என்ன? நண்பர் ஃபான் நாய்மன் இதைப் பிடித்துக்கொண்டார். அணுகுண்டுக்குள் நியூட்ரான் எங்கே ஓடும் என்று கணக்கிட, சூதாட்ட ஊரின் பெயரில் மான்டி கார்லோ முறை பிறந்தது. ரைஸ்விட்ஸின் பகடை இப்போது கணினிக்குள் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை உருளத் தொடங்கியது. 1950களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலையின் ராணுவ ஆய்வு அலுவலகத்தில் எழுதப்பட்ட கார்மொனெட் என்ற நிரல், நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, டாங்கியும் சிப்பாயும் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்க முடிகிறது, சுட்டால் பட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டியது.

இன்னொரு கிளை நார்வேயில். அங்கே பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் போர்க் கணக்கு போட்டுக்கொண்டிருந்தவர் கிறிஸ்டன் நிகார்ட். ஒவ்வொரு கணக்குக்கும் புதுசாக நிரல் எழுதுவது சலித்துப்போய், இந்த மாதிரி வேலைக்கென்றே ஒரு மொழி செய்துவிடலாம் என்று இறங்கினார். ஓலே யோஹன் டால் என்பவரோடு சேர்ந்து செய்த அந்த மொழியின் பெயர் சிமுலா. 1967 வடிவத்தில் அவர்கள் கொண்டுவந்த யோசனை, நிரலில் வரும் ஒவ்வொரு பொருளும் தன் குணத்தையும் தன் வேலையையும் தானே சுமக்க வேண்டும் என்பது. இதுதான் கிளாஸ், ஆப்ஜெக்ட். சி பிளஸ் பிளஸ், ஜாவா எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். சிவகாசியில் 1984ல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவி திரையில் ஒரு கிளாஸ் எழுதும்போது, அவள் விரல்நுனியில் இருப்பது ஒரு ராணுவ ஆய்வகத்தின் போர்க் கணக்கிலிருந்து முளைத்த யோசனையின் கிளை. கல்லூரியின் பெயரையும் பிரித்துப் பாருங்கள். மெப்கோ என்பது உலோகப் பொடிக் கம்பெனி என்பதன் சுருக்கம், ஷ்லெங்க் என்பது ஜெர்மனியின் உலோகப் பொடித் தொழிலில் பேர்போன பெயர். அலுமினியப் பொடி இல்லாமல் மத்தாப்பில் வெள்ளிப் பூ ஏது?

1980களில் அமெரிக்காவின் சிம்நெட், தூரத்தூரமாக இருந்த டாங்கிப் பயிற்சிக் கூடங்களைக் கம்பியால் இணைத்து எல்லோரையும் ஒரே களத்தில் இறக்கியது. 2000ல் வேறு வேறு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பொதுவிதி வந்தது. இவற்றை அப்படியே தாண்டிப் போகலாம்.

நிற்க வேண்டிய இடம் நியூசிலாந்து. அந்த நாட்டுப் பாதுகாப்பு ஆய்வகம் மானா என்றொரு சின்ன மென்பொருள் செய்தது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ இலாச்சின்ஸ்கி 1990களில் தொடங்கி வைத்த வழி அது. அதில் சிப்பாய் வெறும் புள்ளி. அவனுக்குத் தளபதி உத்தரவு கிடையாது, மனசு மட்டும் உண்டு. மனசு என்றால் நாலைந்து எண்கள். நண்பனைக் கண்டால் எவ்வளவு இழுப்பு, எதிரியைக் கண்டால் எவ்வளவு விலகல், அடிபட்டால் ஓடுவானா நிற்பானா? கூட்டல் என்றால் அருகே போவான், கழித்தல் என்றால் விலகுவான். இப்படி இருநூறு புள்ளிகளை விட்டால் அவை தாமாகச் சூழ்கின்றன, சிதறுகின்றன, யாரும் எழுதித் தராத வியூகம் கட்டுகின்றன. எண்களை மாற்றி மாற்றி ஆயிரம், பத்தாயிரம் தடவை ஓட்டி, விளைந்ததைக் குவித்துப் பார்ப்பதற்கு அமெரிக்கக் கடற்காலாட் படையின் ஆய்வுத் திட்டத்தில் வைத்த பெயர் தரவு வேளாண்மை. சாத்தூர்க் கரிசலில் வானம் பார்த்து ஒரு போகம் விதைத்துவிட்டு அடுத்த வருஷம்வரை காத்திருப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே ராத்திரியில் ஆயிரம் போகம்!

ஆயிரம் போகம் வேண்டுமென்றால் செத்தவர்களை ஆயிரம் தடவை எழுப்ப வேண்டும். இந்தத் தொழிலின் பலம் அது. அதே வேலையைத் தப்பான இடத்தில் செய்தவர்களும் உண்டு. 1942 மே மாதம், மிட்வே தீவைப் பிடிக்கக் கிளம்புமுன் ஜப்பானியக் கடற்படை யமாட்டோ கப்பலில் வரைபடப் போர் நடத்திப் பார்த்தது. நடுவர் ஒகுமியா பகடையை உருட்டினார். ஜப்பானிய விமானந்தாங்கிகள் மேல் ஒன்பது குண்டுகள் விழுந்தன என்று வந்தது. மேலதிகாரி உகாகி குறுக்கிட்டு, ஒன்பது வேண்டாம், மூன்று என்று எழுதச் சொன்னார். முழுகிய ககா கப்பலும் பிறகு ஆட்டத்தில் மறுபடி மிதந்ததாக ஒகுமியா பின்னாளில் தான் இணைந்து எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார். ஜூன் மாதம் நிஜக் கடலில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. ககாவும் அதில் ஒன்று. அறுபது வருடம் கழித்து, 2002ல், அமெரிக்கா 25 கோடி டாலர் செலவில் ஒரு மாபெரும் போர்ப் பயிற்சி நடத்தியது. கணினியும் நிஜப் படைகளும் கலந்த ஆட்டம். எதிரி வேடம் கட்டிய ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர், வானொலியை நம்பாமல் மோட்டார் சைக்கிளில் ஆள் விட்டுச் செய்தி அனுப்பி, ஆரம்பத்திலேயே பதினாறு கப்பல்களை மூழ்கடித்துவிட்டார். நடத்துபவர்கள் என்ன செய்தார்கள்? கப்பல்களை மிதக்கவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். வான் ரைப்பர் தன் பொறுப்பை விட்டு விலகிக்கொண்டார்.

இந்த மாதிரிப் பயிற்சிக்கென்று நம் நாட்டிலும் தரைப்படை 2022 மே மாதம் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டது. டெல்லியில் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்து ஒரு போர்ப் பயிற்சி ஆய்வு மையம் அமைக்கும் திட்டம், வார்டெக் என்று பெயர். நம் மாநிலத்தில் வெலிங்டனில், முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் கல்லூரியில், 1940களின் கடைசியிலிருந்தே காகிதத்தில் படை நகர்த்திப் பழக்குகிறார்கள். பக்கத்திலேயே, கொஞ்ச தூரத்தில், அருவங்காடு கார்டைட் ஆலை. நிஜ மருந்தும் கணக்கு மருந்தும் ஒரே மலைச் சரிவில்.

இந்த அத்தியாயத்துக்காக நெட்லோகோ என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தேன். யூரி விலென்ஸ்கி 1999ல் எழுதியது. பள்ளிப் பிள்ளைகள்கூட ஓட்டலாம். எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி, பட்டாசு ஆலையில் முப்பது வருஷம் போர்மேனாக இருந்து ஓய்ந்தவர். சாயந்திரம் வந்தவரிடம் சிவப்புப் புள்ளியும் நீலப் புள்ளியும் சண்டை போடுவதைக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்தார்.

“பொம்மைச் சண்டை கெடக்கட்டும் தம்பி. நம்ம அறைகளை இதுல போட முடியுமா?”

போட்டேன். பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இத்தனை கிலோ மருந்து, நடுவே பொட்டல், ஹாப்கின்சனின் கனமூலம். ஆட்களைப் புள்ளிகளாக்கி, வெடித்த அறையிலிருந்து விலகி ஓடும்படி கழித்தல் எண் கொடுத்தேன். ஒரு அறையை வெடிக்கவிட்டேன். புள்ளிகள் நாலாபக்கமும் சிதறி ஓடி, வேலி ஓரம் போய் நின்றன. மறுபடி ஓட்டினேன். அதே மாதிரி.

அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பிடி எந்த ஊர்ல ஓடுதாங்க?”

“பயந்தா ஓடத்தான அண்ணாச்சி செய்வாங்க?”

“முதலிப்பட்டியில என்ன நடந்துச்சு?”

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்து. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும்தான் அடுத்தடுத்து வெடித்ததில் நிறையச் சிக்கினார்கள்.

“சத்தம் கேட்டா ஆளு வெளிய ஓடமாட்டான். உள்ளதான் ஓடியாருவான். வேலிக்கு அங்கிட்டு நிக்கவனும் வருவான். அத மாத்து மொதல்ல.”

கழித்தலை அழித்துக் கூட்டல் போட்டேன். எவ்வளவு போடுவது? ஒன்றா, பத்தா? அவரிடமே கேட்டேன்.

“அவன் வீட்டு ஆளு உள்ள இருந்தா எவ்வளவோ, அவ்வளவு போடு” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

(தொடரும்)